மாரிகுப்பம் எந்த ஏட்டில் இருக்கிறது?

பங்காருப்பேட்டையில் பிரிந்து வரும் ரயில் பாதை, கோலார் தங்கவயலின் மாரிகுப்பத்தோடு முடிந்துவிடுகிறது. விடியுமுன் கிளம்பும் வண்டியைப் பிடித்துப் பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு, இருட்டிய பின் வீடு திரும்புகிறவர்கள் இந்தப் பாதையில் ஆயிரக்கணக்கில். சுரங்கம் மூடிய ஊரின் சம்பாத்தியம் இன்று அந்த வண்டியில்தான் வருகிறது. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து, சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளுக்கு நடுவே அடைத்து நிற்கும் ஏதாவது ஒரு சாக்கடையைக் காட்டி, "இதைத் தூர்வார வேண்டியது யார்?" என்று விசாரித்துப் பாருங்கள். முனிசிபாலிட்டி என்பார் ஒருவர். இது மைன் நிலம், பி.ஜி.எம்.எல்.தான் பார்க்க வேண்டும் என்பார் அடுத்தவர். நாலு எட்டு தள்ளிப் போனால் ரயில்வே எல்லைக்கல். மூவர் சொல்வதும் ஏதோ ஓர் அடிவரை சரியாகத்தான் இருக்கும். சாக்கடை மட்டும் எல்லை பார்க்காமல் மூன்று நிலத்திலும் ஓடிக்கொண்டிருக்கும்.

நகராட்சியிடம் கணக்குக் கேட்பது பற்றிய எழுத்தெல்லாம் பெரும்பாலும் ஓர் அனுமானத்தோடு தொடங்குகிறது. ஊருக்கு ஒரு நகராட்சி உண்டு, அதற்கு ஒரு கணக்கு உண்டு, அதை மூடி வைத்திருக்கிறார்கள், குடிமகன் போய்த் திறக்க வேண்டும் என்பது அந்த அனுமானம். கோலார் தங்கவயலில் அது முதல் படியிலேயே வழுக்குகிறது. இங்கே ஏடு ஒன்றல்ல. ராபர்ட்சன்பேட்டை நகரசபை மாநில அரசின் கீழ் 35 வார்டுகளோடு இயங்குகிறது. பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் (பி.ஜி.எம்.எல்.) மத்திய அரசுடையது. 2001-இல் சுரங்கத்தை மூடிய பிறகும் நிலத்துக்கு உரிமையாளர் அதுவே. 1964-இல் வந்த, மண் அள்ளும் இயந்திரங்கள் செய்யும் பி.இ.எம்.எல். ஆலைக்கு அதன் சொந்தக் குடியிருப்பு. ரயில்வே தனி. காவல்துறைகூட இதற்கு விலக்கில்லை. கோலார் மாவட்டத்துக்குள்ளேயே தங்கவயலுக்கென்று தனி எஸ்.பி. இருந்துவந்திருக்கிறார். இத்தனை அதிகாரிகள் உள்ள ஊரில் பொறுப்பாளி யார் என்று தேடுவதே கணக்குக் கேட்பதில் முக்கால் பங்கு வேலை.

கணக்கு எழுதத் தெரியாத ஊர் என்று இதை யாரும் சொல்லிவிட முடியாது. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி காலெடுத்து வைத்ததிலிருந்து மண்ணுக்கடியில் இருந்து வந்த ஒவ்வொரு அவுன்ஸும் ஏட்டில் ஏறியது. லண்டனில் பங்குதாரர்கள் அதைக் கேட்டு வாங்கிப் படித்தார்கள். மைசூர் அரசு தன் ராயல்டிக்காகச் சரிபார்த்தது. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து காவிரி மின்சாரம் வந்தபோது அதற்கும் கணக்கு. பேத்தமங்கலத்திலிருந்து குழாயில் வந்த பாலாற்றுத் தண்ணீருக்கும் கணக்கு. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாக இறங்கியது. அடி அடியாக அளந்துதான் இறங்கினார்கள். ஷிப்ட் முடிந்து மேலே வருகிறவனின் கோவணத்தைக்கூட உதறிப் பார்த்தார்கள். 1930-இல் தொழிலாளிகள் ஒவ்வொருவரும் கைரேகை வைத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று விதி போட்டதும் சுரங்கங்கள் வேலைநிறுத்தத்தில் நின்றுபோயின. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. கணக்கு எப்போதும் ஒரே திசையில்தான் போனது. கீழே இருப்பவன் மேலே இருப்பவனுக்குக் கைரேகை வைத்துக் கணக்குச் சொன்னான். மேலே இருப்பவன் லண்டனுக்குச் சொன்னான். லைன் வீட்டுக்காரனுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது, 1962-இல் மத்திய அரசுக்குப் போனது, 1972-இல் பி.ஜி.எம்.எல். என்ற பெயர் வந்தது. முதலாளி மாறினார். கணக்கின் திசை மாறியதா?

மாறவில்லை என்பதற்கு மறுக்க முடியாத சாட்சி இந்த ஊரிலேயே பிறந்தவர். பெஜவாடா வில்சன் 1966-இல் தங்கவயலில், கையால் மலம் அள்ளும் தொழிலில் இருந்த குடும்பத்தில் பிறந்தார். அவர் தந்தை 1935-இல் அந்த வேலைக்குச் சேர்ந்தவர். அண்ணனும் முதலில் ரயில்வேயிலும் பிறகு தங்கவயல் டவுன்ஷிப்பிலும் அதே வேலை பார்த்தார். உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றைத் தோண்டி, அதன் அடியில் வெப்பம் தணிக்கக் குளிர்காற்று அனுப்பத் தெரிந்த நிர்வாகத்துக்கு, தொழிலாளர் லைன்களின் உலர் கக்கூஸ்களுக்குத் தண்ணீர் விட வழி தெரியவில்லை. வாளியும் தகரமும் கொண்டு மனிதர்கள் அள்ளினார்கள். எத்தனை கக்கூஸ், எத்தனை பேர் அள்ளுகிறார்கள் என்பது சம்பளப் பட்டியலில் இருந்திருக்க வேண்டும். ஆனால் அது நிர்வாகம் வெளியில் சொல்லத் தயாராக இருந்த விஷயமில்லை.

1986 முதல் வில்சன் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். சுரங்க நிர்வாகத்துக்கு, அமைச்சருக்கு, முதலமைச்சருக்கு, பிரதமருக்கு, பத்திரிகைகளுக்கு. பெரும்பாலும் பதிலே இல்லை. 1993-இல் நாடாளுமன்றம் உலர் கழிப்பறைகளையும் கையால் மலம் அள்ளுவதையும் தடைசெய்து சட்டம் போட்டது. ஆறு மாநிலங்கள் தீர்மானம் நிறைவேற்றிக் கேட்டதன் பேரில் வந்த சட்டம் அது. அந்த ஆறில் கர்நாடகமும் ஒன்று. அதாவது பெங்களூர் தானே கேட்டு வாங்கிய சட்டம், பெங்களூரிலிருந்து நூறு கிலோமீட்டரில், மத்திய அரசின் கம்பெனி வளாகத்துக்குள் நுழையவில்லை. சட்டம் வந்த பிறகு வில்சன் கடிதத்தோடு நிற்கவில்லை. கக்கூஸ்களைப் புகைப்படம் எடுத்தார், அள்ளுகிறவர்களை எடுத்தார். படங்கள் பத்திரிகைக்குப் போயின, எம்.பி.க்களின் கைக்குப் போயின, நாடாளுமன்றத்தில் கேள்வியாயின. 1994-இல் அவசரக் கூட்டம் போட்ட நிர்வாகம், உலர் கக்கூஸ்களைத் தண்ணீர்க் கழிப்பறைகளாக மாற்றவும் அள்ளியவர்களை வேறு வேலைக்கு அனுப்பவும் முடிவெடுத்தது. எட்டு ஆண்டுக் கடிதங்கள் சாதிக்காததை ஒரு கட்டுப் புகைப்படங்கள் சாதித்தன.

இதில் பலரும் கவனிக்காமல் கடக்கும் ஒன்று உண்டு. அப்போது தகவல் உரிமைச் சட்டம் கிடையாது. இருந்திருந்தாலும் வில்சனுக்கு அது அவ்வளவாகப் பயன்பட்டிருக்காது. தகவல் அவரிடம்தான் இருந்தது. அவர் குடும்பம் பல பத்தாண்டுகளை அந்த வேலையில் கழித்திருந்தது. தகவல் இல்லாதது அலுவலகத்திடம். அல்லது இல்லாதது போல அது இருந்துவிட்டது. ஆகவே அவர் செய்தது கணக்குக் கேட்பது என்பதைவிடக் கணக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தது என்றே சொல்ல வேண்டும். வில்சன் முன்னின்று தொடங்கிய சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் என்ற இயக்கம் பிறகு நாடு முழுவதும் செய்ததும் இதையேதான். 2003-இல் அவர்கள் உச்ச நீதிமன்றம் போனபோது மாநிலம் மாநிலமாக "எங்களிடம் இல்லை" என்று பிரமாணப் பத்திரம் வந்தது. ஒவ்வொன்றுக்கும் இடம், படம், ஆள் என்று எதிர்ப்பட்டியல் போட்டார்கள். 2014 மார்ச் 27-இல் தீர்ப்பு வந்தது. 1993-க்குப் பிறகு சாக்கடையிலும் தொட்டியிலும் இறங்கிச் செத்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் என்றது. 2023 அக்டோபரில் வேறொரு வழக்கில் அந்தத் தொகை 30 லட்சமாயிற்று. 2016-இல் வில்சனுக்கு மகசேசே விருது கிடைத்தது.

இதை வெற்றிக் கதையாக முடித்துவிட ஆசைதான். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. கம்பெனி போனதும் கம்பெனி பார்த்த தண்ணீர், விளக்கு, துப்புரவு எல்லாம் அந்தரத்தில் தொங்கின. 2011-இல் மக்கள் சிவில் உரிமைக் கழகத்தினரும் பத்திரிகையாளர்களும் போய்ப் பார்த்தபோது தங்கவயலில் மறுபடியும் கையால் அள்ளிக்கொண்டிருந்தார்கள். அதே ஆண்டு மலக்குழி ஒன்றில் இறங்கிய மூவர் செத்துப்போனார்கள். 1994-இல் மூடிய கணக்கு எப்படித் திறந்துகொண்டது? அன்று பதில் சொன்னது கம்பெனி. அதன் வாக்குறுதி கம்பெனியின் ஏட்டில் இருந்தது. ஏடு மாறியபோது வாக்குறுதி மாற்றி எழுதப்படவில்லை. என் வாசிப்பில் தங்கவயலின் அடிப்படை நோய் இதுதான். ஊழல் உண்டா இல்லையா என்பது அதற்கு அடுத்த கேள்வி.

இப்போது சட்டத்துக்கு வருவோம். 2005-இன் தகவல் உரிமைச் சட்டத்தை எல்லோரும் அறிவார்கள். பத்து ரூபாய், முப்பது நாள். கர்நாடகம் அதற்கு முன்பே 2000-இல் தனக்கென ஒரு சட்டம் வைத்திருந்தது, தமிழ்நாடு 1997-இலேயே வைத்திருந்தது. சட்டத்தைப் படிக்கிறவர்கள் கேட்கும் பிரிவைத்தான் படிக்கிறார்கள். மாரிகுப்பத்துக்கு உதவக்கூடியவை வேறு மூன்று.

ஒன்று, 6(3). தவறான அலுவலகத்துக்குப் போன விண்ணப்பத்தை ஐந்து நாளுக்குள் சரியான அலுவலகத்துக்கு அந்த அலுவலகமே மாற்றி அனுப்ப வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் மாரிகுப்பத்துச் சாக்கடைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். நகரசபை அதை பி.ஜி.எம்.எல்.லுக்குத் தள்ளினால், மாநில வழியில் தொடங்கிய மனு மத்திய வழிக்குப் போகிறது. முதலதற்கு இரண்டாம் மேல்முறையீடு பெங்களூரில் மாநிலத் தகவல் ஆணையத்தில், அடுத்ததற்கு டில்லியில் மத்திய ஆணையத்தில். பந்து எங்கே நிற்கிறது என்று பார்க்கவே ஒரு வருஷம் ஓடும். அதற்காக இதை வீண் என்று ஒதுக்கிவிடக் கூடாது. மூன்று அலுவலகங்களுக்கும் ஒரே நாளில் ஒரே கேள்வியை அனுப்பி, "இது எங்களுடையதில்லை" என்று மூன்று முத்திரையோடு எழுத்தில் வாங்கிவிட்டால், அதைவிடக் கனமான ஆவணம் வேறில்லை. யாருடையதும் இல்லை என்று அரசே எழுதிக் கொடுத்த சாக்கடையை எந்த நீதிபதியும் ஒருமுறை நின்று பார்ப்பார்.

இரண்டாவது, 2(j). தகவல் உரிமை என்பதற்குள் வேலை நடக்கும் இடத்தைப் பார்வையிடுவதும், பயன்படுத்திய பொருளில் சான்றளித்த மாதிரி எடுப்பதும் அடங்கும் என்கிறது சட்டம். பாறையிலிருந்து மாதிரி எடுத்து டன்னுக்கு எத்தனை கிராம் என்று உரைத்துப் பார்த்த ஊர் இது. அந்த உலைக்களத்து அறிவு பேரன்மாருக்குக் கொஞ்சம் மிச்சம் இருந்தால், சாலையில் போட்ட கான்கிரீட்டிலும் ஒரு மாதிரி கேட்கலாம். அதோடு கேட்க வேண்டிய காகிதம் எம்-புக். அளவைப் புத்தகம் என்பார்கள். ஒப்பந்தக்காரர் எவ்வளவு நீளம், அகலம், கனம் போட்டார் என்று இன்ஜினியர் தன் கையால் எழுதிக் கையெழுத்திடுவது அதில்தான்; அதை வைத்துத்தான் பில் பாஸாகிறது. பட்ஜெட் புத்தகத்தைப் படித்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்வதைவிட, எம்-புக்கின் ஒரு பக்கத்தையும் ஒரு டேப்பையும் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்குவது மேல். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். போட்டது ஆற்றில்தானா என்பதையும் டேப் சொல்லிவிடும்.

மூன்றாவது மொழி. தங்கவயலில் தமிழ் பேசுவோர் ஏராளம். வடாற்காடு, தென்னாற்காடு, சேலம் பக்கத்திலிருந்து வந்து நான்கைந்து தலைமுறை ஆனவர்கள். நகரசபையின் ஏடு கன்னடத்தில். அதில் தவறில்லை, அது மாநிலத்தின் ஆட்சிமொழி. ஆனால் தகவல் கேட்கும் மனுவை ஆங்கிலத்திலோ இந்தியிலோ அந்தப் பகுதியின் ஆட்சிமொழியிலோதான் எழுதலாம் என்கிறது 6(1). வீட்டில் தமிழ் பேசி, தமிழ் எழுத்து மட்டும் அறிந்த ஒரு பாட்டி இந்தியில் எழுதலாம், தமிழில் எழுதக் கூடாது! அதே சட்டத்தின் 4(4) வேறு மாதிரிப் பேசுகிறது. அலுவலகம் தானாக வெளியிட வேண்டிய விவரங்களை அந்த வட்டாரத்தின் மொழியையும் அங்கே பயன்தரும் வழியையும் கருதிப் பரப்ப வேண்டும் என்கிறது. எழுத முடியாதவர் வாயால் சொன்னதை எழுத்தில் கொண்டுவர உதவுவது அதிகாரியின் கடமை என்று அதே 6(1)-உம் சொல்கிறது. அரசமைப்பின் 350-ஆவது பிரிவு இன்னும் தாராளம். குறை தீர்க்கக் கோரும் மனுவை ஒன்றியத்திலோ அந்த மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம். ஆகத் தமிழில் புலம்பலாம், தமிழில் கணக்குக் கேட்க முடியாது. இதை மொழிச் சண்டையாக்க எனக்கு விருப்பமில்லை. கன்னடம் எழுதத் தெரிந்த பிள்ளைகள் இன்று எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள்; கணக்கைக் கன்னடத்தில் வாங்கித் தமிழில் வாசித்துக் காட்ட ஒரு பத்தாம் வகுப்புப் பெண் போதும்.

கர்நாடகம் 2008-இல் இன்னொரு முடிச்சும் போட்டது. ஒரு மனுவில் ஒரே விஷயம், 150 சொல்லுக்கு மேல் கூடாது. அதைத் திட்டுபவர்கள் அதிகம். சாக்கடை ஒன்றுக்கு 150 சொல் தாராளம் என்று நான் நினைக்கிறேன். ஊரின் ஐம்பது வருஷத்துக் கோபத்தை ஒரே தாளில் கொட்டுகிறவர்களுக்குத்தான் அது போதாது. அந்தத் தாள்களுக்குப் பதில் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இணையத்தில் எல்லாம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறதுதான். 2021 முதல் 2026 வரைக்குமான 15-ஆவது நிதிக்குழு, நகராட்சிகள் மானியம் வாங்க வேண்டுமானால் முந்தைய ஆண்டுக் கணக்கையும், அதற்கும் முந்தைய ஆண்டின் தணிக்கையான கணக்கையும் இணையத்தில் போட வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. கர்நாடகம் 2006-லேயே நகராட்சிகளுக்கு இரட்டைப் பதிவுக் கணக்கு முறையைக் கட்டாயமாக்கிய மாநிலம். கணக்கு எழுதும் முறையில் அது பல மாநிலங்களுக்கு முன்னோடி. ஆனால் இந்த ஏடுகளில் பணம் தலைப்பு வாரியாகப் பிரிந்து கிடக்கிறது. சம்பளம், பராமரிப்பு, மின்கட்டணம், தெருவிளக்கு என்று. ராபர்ட்சன்பேட்டை கிடைக்கும். தேடித் தேடிப் பார்த்தாலும் மாரிகுப்பத்தின் தெரு கிடைக்காது. குடிமகன் தெருவில் வாழ்கிறான், கணக்கு தலைப்பில் வாழ்கிறது. இரண்டையும் சேர்த்துவைப்பது யார் வேலை?

அதற்குப் பொருத்தமான வார்டு கமிட்டி என்ற அமைப்பை அரசமைப்பின் 74-ஆவது திருத்தம் கொண்டுவந்தது. 1993-இல் நடைமுறைக்கு வந்த அந்தத் திருத்தத்தில் 243எஸ் பிரிவு ஓர் எண்ணைப் போட்டுவைத்திருக்கிறது. மூன்று லட்சம் பேரோ அதற்கு மேலோ உள்ள ஊர்களில்தான் வார்டு கமிட்டி கட்டாயம். ராபர்ட்சன்பேட்டை 2011-இல் ஒன்றரை லட்சத்தைக் கொஞ்சம் தாண்டியது, அவ்வளவுதான். கிராமமாக இருந்திருந்தால் கிராம சபை இருந்திருக்கும். பெரிய மாநகரமாக இருந்தால் வார்டு கமிட்டி வந்திருக்கும். நடுத்தர ஊர்க்காரன் இரண்டுக்கும் இல்லாமல் தெருவில் நிற்கிறான். இந்தியாவின் நூற்றுக்கணக்கான ஊர்களுக்கு இதே கதி. அதே திருத்தத்தின் 243க்யூ இன்னொரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது. ஆலையே நகர வசதிகளைச் செய்து தருகிற இடத்தைத் தொழில் நகரியம் என்று அறிவித்து, அங்கே நகராட்சியே அமைக்காமல் விடலாம். கம்பெனி ஊர் என்ற பழைய கோலார் நினைப்பு அரசமைப்புக்குள்ளேயே ஒரு மூலையில் குடியிருக்கிறது.

தமிழ்நாடு இந்த இடத்தில் ஓர் அடி முன்னே வைத்தது. நகர்ப்புறங்களில் வார்டு கமிட்டியும் பகுதி சபையும் என்று 2022-இல் விதி கொண்டுவந்து, அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் பம்மலில் பகுதி சபைக் கூட்டத்தில் உட்கார்ந்தார். நல்ல தொடக்கம்தான். ஆனால் பகுதி சபையில் தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்லலாம். விளக்குக்கு எவ்வளவு செலவானது என்று அங்கே ஏடு திறந்து வைக்கப்படுகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. குறை சொல்லும் கூட்டமும் கணக்குக் கேட்கும் கூட்டமும் ஒன்றல்ல. குறை சொல்கிறவன் மனுதாரன். கணக்குக் கேட்கிறவன் உடைமைக்காரன்.

தமிழர்கள் இந்த இடத்தில் உத்திரமேரூரைக் கொண்டுவந்து நிறுத்துவது வழக்கம். பராந்தக சோழன் காலத்தில் 919, 921-இல் வெட்டிய அந்தக் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவனும் அவன் உறவினரும் தேர்தலில் நிற்கக் கூடாது என்கிறது. உறவினரையும் சேர்த்து விலக்கியது இன்றைக்கும் துணிச்சலான யோசனை. ஆனால் அந்தச் சபையில் பெயர் எழுதப்பட நிலம் வேண்டும், சொந்த மனை வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். அங்கே மலம் அள்ளியவன் கணக்குக் கேட்டிருக்க முடியாது. அதனால் உத்திரமேரூரைவிட வில்சனின் தங்கவயலே எனக்கு இந்த விஷயத்தில் மூத்த முன்மாதிரியாகப் படுகிறது.

சபை கூட்டிக் கணக்கு வாசிப்பது எப்படி என்று காட்டியவர்கள் ராஜஸ்தானத்து மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டன். அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோரோடு கிராமத்துக் கூலிகளும் சேர்ந்த அமைப்பு. 1994 டிசம்பர் 2-ஆம் தேதி பாலி மாவட்டம் கோட் கிரானாவில் முதல் மக்கள் விசாரணை. பஞ்சாயத்து வேலைகளின் கூலிப் பட்டியலை மைக் வைத்து ஊர் நடுவில் வாசித்தார்கள். வேலைக்கே போகாதவன் பெயரில் கூலி, கட்டாத கட்டடத்துக்குப் பில். பெயர் வாசிக்கப்பட்டவன் அதே கூட்டத்தில் உட்கார்ந்திருந்தான் என்பதில்தான் அதன் பலம். எழுத்தறியாதவர்களும் அன்று தணிக்கையாளர்கள். 1996-இல் பியாவரில் 40 நாள் தர்ணா, அங்கிருந்து 2005 சட்டம் வரை ஒரே பாதை. வில்சன் படம் எடுத்ததும் கோட் கிரானாவில் பட்டியல் வாசித்ததும் ஏறக்குறைய ஒரே காலம். ஒருவருக்கொருவர் தெரிந்து செய்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் இருவரும் ஏட்டை இடத்தோடு ஒட்டிவைத்துப் பார்த்தவர்கள்.

பெங்களூர் வேறு வழியில் போனது. 1994-இல் சாமுவேல் பால் தொடங்கிய பொது விவகார மையம், மக்களிடமே கேட்டு நகர அலுவலகங்களுக்கு மதிப்பெண் அட்டை போட்டது. 2002-இல் ஜனாக்ரகா உள்ளிட்ட அமைப்புகள் சேர்ந்து, கம்பெனிகள் வெளியிடுவது போல மாநகராட்சியும் மூன்று மாதத்துக்கொரு முறை வரவுசெலவு வெளியிட்டுப் பொதுக்கூட்டத்தில் விவாதிக்க வைத்தன. அந்த நாளில் இந்தியாவின் வேறு எந்த நகரத்திலும் அப்படி நடந்ததாகச் சொல்வது கடினம். சில ஆண்டுகளில் அது ஓய்ந்தது. அதற்குக் காரணம் அரசியல் மாற்றம் என்பார்கள். எனக்கு வேறொன்றும் படுகிறது. அந்த அறிக்கைகளைப் படிக்க நிதிநிலைக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டியிருந்தது. அதனால் படித்தவர்கள் வந்தார்கள், சேரிக்காரர்கள் வரவில்லை. சேரிக்காரர்கள் வராத கூட்டத்தைக் கவுன்சிலர் மதிக்கத் தேவையில்லை, ஏனெனில் ஓட்டு அவர்களிடம். அதே பெங்களூரில் 2020 செப்டம்பருக்குப் பிறகு பல ஆண்டுகள் தேர்ந்தெடுத்த கவுன்சிலே இல்லாமல் அதிகாரிகள் நடத்தினார்கள். சிறிய ஊர்களிலும் தலைவர் பதவி ஒதுக்கீட்டு வழக்குகளால், ஜெயித்த உறுப்பினர்கள் தலைவர் இல்லாமல் மாதக்கணக்கில் காத்திருந்தது உண்டு. கேள்வி கேட்க ஆள் தயாராக இருந்தாலும் பதில் சொல்லும் நாற்காலி காலி.

கடல் கடந்து ஓர் ஊரையும் சொல்ல வேண்டும். கலிபோர்னியாவில் லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே பெல் என்றொரு சிற்றூர். முப்பத்தைந்தாயிரம் பேர், பெரும்பாலும் ஸ்பானிய மொழி பேசும் உழைப்பாளிகள். 2010-இல் ஒரு நாளிதழ் பொதுப் பதிவுகளைக் கேட்டு வாங்கியபோது, ஊர் நிர்வாகி ராபர்ட் ரிஸ்ஸோ ஆண்டுக்கு எட்டு லட்சம் டாலரை ஒட்டிச் சம்பளம் எடுத்துவந்தது தெரிந்தது. மக்கள் கவுன்சில் கூட்டங்களை நிறைத்தார்கள்; அடுத்த ஆண்டு கவுன்சிலர்களைத் திரும்ப அழைத்துப் புதியவர்களை வைத்தார்கள்; ரிஸ்ஸோவுக்கு 2014-இல் 12 ஆண்டுச் சிறை. பெல்லை நான் இங்கே கொண்டுவருவது தண்டனைக்காக அல்ல. ஏட்டின் மொழி ஒன்று, ஊரின் மொழி வேறு, பெரிய பத்திரிகைகள் எட்டிப்பார்க்காத உழைப்பாளி ஊர் என்ற மூன்றும் சேரும் இடத்தில் எதுவும் பல வருஷம் ஓடும் என்பதற்காக. மாரிகுப்பத்துக்கும் அந்த மூன்றும் உண்டு. கன்னடப் பத்திரிகைக்கு இது ஓரத்து ஊர், தமிழ்நாட்டுப் பத்திரிகைக்கு அடுத்த மாநிலம். சினிமா வந்து பெயரை உலகமெல்லாம் கொண்டுபோனது. அதைப் பார்த்துவிட்டு யாரும் சாக்கடை பற்றி விசாரிக்கவில்லை.

கேட்பவர்களுக்கு என்ன ஆகிறது என்பதையும் விடக் கூடாது. 2012 நவம்பரில் பெங்களூரில், மாநகராட்சி உறுப்பினர் ஒருவரின் சொத்தைப் பற்றி லோக் ஆயுக்தாவுக்குப் புகார் கொடுத்த மனிதரை வீட்டு வாசலருகே வெட்டிக் கொன்றார்கள். அலுவலகங்களில் இன்னொரு பக்கக் கதையும் சொல்வார்கள். தகவல் மனுவைக் காட்டி ஒப்பந்தக்காரரிடம் காசு பறிக்கிறவர்கள் உண்டு என்பார்கள், உண்டுதான். ஆனால் தனி ஆள் கையில் ரகசியமாக இருக்கும் கணக்குக்குத்தான் விலை. நூறு பேர் நடுவே வாசித்துவிட்ட கணக்கை யாரும் காசு கொடுத்து அமுக்க முடியாது, வாசித்தவனை வெட்டியும் பயனில்லை. 2023-இன் தனிநபர் தரவுச் சட்டம் தகவல் சட்டத்தின் 8(1)(j)-ஐ மாற்றி, தனிப்பட்ட விவரம் என்ற காரணத்தைச் சொல்லி மறுப்பதை எளிதாக்கிவிட்டது. பயனாளிப் பட்டியல், கூலிப் பட்டியல் எல்லாமே பெயர்கள்தானே. கோட் கிரானாவில் வாசித்தது பெயர்களை.

மாரிகுப்பத்தில் இப்போது ஒரு புதிய ஏடு திறக்கப்போகிறது. சைனைடு மலைகள் என்று ஊர் சொல்லும் கழிவு மண் மேடுகளில் பதின்மூன்றைத் தோண்டி, அவற்றில் மிஞ்சியிருக்கும் தங்கத்தை எடுக்க மத்திய அரசு கேட்டது. 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புக்கொண்டது. ஆயிரம் ஏக்கருக்குச் சற்று மேல். காற்றுக் காலத்தில் அந்த மேடுகளின் தூசி துவைத்துப் போட்ட துணியிலும் மூடாத சோற்றிலும் வந்து உட்காருவதை மூன்று தலைமுறை பார்த்திருக்கிறது. அதைக் கிளறினால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மறுபடியும் கிராம் கிராமாகக் கணக்கு எழுதுவார்கள். 2015-இல் திருத்திய கனிமச் சட்டம், சுரங்கம் நடக்கும் மாவட்டத்துக்குக் கனிம அறக்கட்டளை ஒன்றை வைக்கச் சொல்கிறது. ராயல்டியோடு சேர்த்து ஒரு பங்கு அதற்குப் போக வேண்டும், அதில் பெரும் பகுதி பாதிக்கப்பட்டவர்களின் குடிநீர், உடல்நலம், துப்புரவு போன்றவற்றுக்குச் செலவாக வேண்டும். மேடு பி.ஜி.எம்.எல்.லின் நிலத்தில், அறக்கட்டளை கோலாரில் மாவட்ட ஆட்சியரிடம், தூசி நகரசபையின் வார்டில். முதல் லாரி கிளம்புமுன் மூன்று அலுவலகங்களுக்கும் ஒரே நாளில் அனுப்ப ஒரே கேள்வி இருக்கிறது. இந்த மண்ணுக்கு அறக்கட்டளைப் பங்கு உண்டா, உண்டென்றால் அதை எந்த ஏட்டில் எழுதுவீர்கள், அந்த ஏட்டை மாரிகுப்பத்தில் எந்தக் கிழமை வாசிப்பீர்கள்? எண்ணிப் பார்த்தேன், 150 சொல்லுக்குள் அடங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை என்று அவர்கள் சொன்னால் நல்லது. மற்ற நாளில் கேட்க வேண்டியவர்கள் எல்லாம் பெங்களூர் வண்டியில் இருப்பார்கள்.